தய்யாரா: உதுமானியப் பேரரசின் முதல் விமானிகள் உருவான வரலாறு

அரபுமொழி பயின்றோர் எவரும் 'அஸ்ஸிஹாஹ்' என்னும் பேரகராதியையும் அதன் ஆசிரியர் இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்ஜவ்ஹரியையும் அறிவர். துருக்கிய நிலத்தில் பிறந்து, அரபுச் சொற்களைத் தேடிப் பாலைவனக் கோத்திரங்களிடையே அலைந்து, ஆயிரக்கணக்கான வேர்ச்சொற்களை ஒழுங்குபடுத்தித் தந்த பேரறிஞர் அவர். அவருடைய இறுதி நாள் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ள செய்தி வியப்புக்குரியது. நைஸாபூரின் பள்ளிவாசல் கூரைமீது ஏறி, இரு கதவுப் பலகைகளைத் தம் விலாக்களில் கயிற்றால் கட்டிக்கொண்டு, இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யப் போவதாக மக்களிடம் அறிவித்துவிட்டுப் பறக்க முயன்றார், விழுந்து இறந்தார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நிகழ்ந்தது இது.

அவருக்கும் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் (மறைவு: கி.பி. 887) நம் மேடைகளில் மிகுதியாகப் பேசப்படுபவர். உடலெங்கும் இறகு போர்த்து, இரு சிறகுகளைப் பொருத்திக்கொண்டு, காற்றில் சிறிது தொலைவு சென்று, இறங்கும்போது அடிபட்டார் என்று அல்மக்கரீ தம் 'நஃப்ஹுத் தீப்' நூலில் பதிந்துள்ளார். 'விமானத்தை முதலில் கண்டவர் நம்மவரே' என்று பெருமிதம் கொள்வோர் அந்தப் பதிவின் கடைசிப் பகுதியை ஏனோ விட்டுவிடுகின்றனர். பறவை தன் வாலைத் துணைகொண்டே தரையிறங்குகிறது என்பதை அவர் கருதவில்லை, வால் அமைக்கவில்லை, அதனாலேயே அடிபட்டார் என்பதே அப்பகுதி. மேலெழுவதற்குத் துணிவு வேண்டும். பத்திரமாக இறங்குவதற்கோ கல்வி வேண்டும். அந்தப் பதிவு நமக்குச் சொல்லும் செய்தி இதுவேயாகும்.

ஆயிரமாண்டு கழித்து, அதே கல்வியை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டிய நிலை முஸ்லிம் உலகின் அன்றைய மிகப் பெரிய அரசுக்கு ஏற்பட்டது. உதுமானியப் பேரரசு தன் முதல் இராணுவ விமானிகளை எவ்வாறு தேர்ந்தது, எங்கே அனுப்பியது, அவர்கள் என்ன கற்றனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஸ்தன்பூல் கண்ட முதல் விமானங்கள்

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் தாம் கட்டிய ஒற்றைச் சிறகடுக்கு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இஸ்தன்பூலுக்கு வந்தார். நகர மக்கள் திரண்டு நிற்க, பலத்த காற்றில் அவர் மேலெழுந்தார். காற்று அவரை அலைக்கழித்து ஒரு வீட்டின் கூரைமீது வீழ்த்திற்று. விலா எலும்பு முறிந்தும் உயிர் தப்பினார். கலீஃபாவின் தலைநகர மக்கள் பலருக்கு விமானம் பற்றிய முதல் அறிமுகம் இப்படித்தான் அமைந்தது.

இதனை வேடிக்கை என்று ஒதுக்காதவர் ஒருவர் இருந்தார். அவர் பக்தாதில் பிறந்தவரும் அன்றைய போர் அமைச்சருமான மஹ்மூத் ஷெவ்கத் பாஷா. ஐரோப்பியப் படைகள் விமானத்தை ஏற்கத் தொடங்கியதைக் கண்ட அவர், 1911இல் அமைச்சகத்தின்கீழ் விமானவியலுக்கெனத் தனிக் குழு ஒன்றை அமைத்து அதன் பொறுப்பை ஸுரையா பே என்னும் அதிகாரியிடம் ஒப்படைத்தார். ('பே' என்பது அதிகாரிகளின் பெயருக்குப் பின்னே சேர்க்கப்படும் மரியாதைச் சொல்.)

அந்தக் குழுவின் முன் இரு வழிகள் இருந்தன. விமானங்களை விலைக்கு வாங்கி, அவற்றோடு ஓட்டுநர்களையும் கூலிக்கு அமர்த்திக்கொள்வது ஒன்று. சொந்த அதிகாரிகளைப் பயிற்றுவிப்பது மற்றொன்று. முன்னது விரைவானது, பின்னது நெடியது. குழு பின்னதையே முதலில் தொடங்கிற்று. 1911 ஜூன் மாதத்தில் இராணுவ அதிகாரிகளிடையே தேர்வு நடத்தப்பட்டது. குதிரைப்படைக் கேப்டன் ஃபெஸா பேயும், பொறியியல் பிரிவின் இளம் அதிகாரி யூசுஃப் கெனான் பேயும் அதில் தேறினர். அடுத்த மாதமே இருவரும் பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சேர்ந்தது, இஸ்தன்பூலில் கூரைமீது விழுந்த அதே பிளேரியோ நிறுவிய பறத்தற் பள்ளியில்.

தேர்வான இருவரின் பின்னணியும் கருதத்தக்கது. ஒருவர் குதிரையேற்றத்தில் வல்லவர். மற்றவர் எந்திரங்களையும் கணிதத்தையும் அறிந்தவர். அக்கால ஐரோப்பியப் படைகளும் பெரும்பாலும் இவ்விரு வகையினரிலிருந்தே விமானிகளைத் தேர்ந்தன. கடிவாளத்தை இழுக்காமல் இழுக்கும் மென்கையும், எந்திரத்தின் ஓசையிலிருந்தே அதன் நோயை அறியும் செவியும் விமானிக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்டது.

தரையில் தொடங்கிய பாடம்

இன்றைய பயிற்சி விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்கின்றனர். இயக்குங்கருவிகள் இருவருக்கும் உண்டு. மாணவர் தவறினால் ஆசிரியர் கை நீட்டித் திருத்துவார். பிளேரியோ பள்ளியின் விமானத்திலோ ஓர் இருக்கைதான். எனவே முதல் நாளிலிருந்தே மாணவர் தனியராகவே அமர வேண்டும். ஆசிரியர் தரையில் நின்று சொல்லித் தருவார். எந்திரம் முழங்கத் தொடங்கியபின் அவருடைய குரல் எட்டாது.

ஆகவே படிப்படியான முறை ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. முதலில் விமானத்தின் உறுப்புகளையும் எந்திரத்தையும் மாணவர் அறிந்துகொள்வார். பின்னர், மேலெழ ஆற்றலற்ற விமானம் ஒன்றில் அமர்ந்து அதைப் புல்வெளியில் நேர்க்கோட்டில் உருட்டிச் செல்வார். கேட்பதற்கு எளிது. ஆனால், எந்திரத்தின் சுழற்சி வண்டியை ஒருபுறமாக இழுக்கும். பின்புறச் சுக்கானைக் காலால் இயக்கி அதை நேர்ப்படுத்த வேண்டும். கால் மிகையாக அசைந்தால் விமானம் வட்டமிட்டுக் கவிழும். நேராக உருட்டக் கற்றபின்னரே, ஓரிரு மீட்டர் உயரம் எழுந்து உடனே இறங்கும் சிறு தாவல்களுக்கு அனுமதி. அதன்பின் நேர்ப்பறத்தல், அதன்பின்னரே திரும்புதல். காற்று அடங்கியிருக்கும் வைகறையிலும் மாலையிலுமே பெரும்பாலும் பயிற்சி நடந்தது. காற்று வீசும் நாள்களில் மாணவர்கள் கொட்டகையில் காத்திருந்தனர். பொறுமையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக அமைந்துவிட்டது.

அந்த விமானத்தின் அமைப்பையும் சிறிது அறிதல் நலம். மரச்சட்டம், அதன்மேல் துணி, சுற்றிலும் இழுத்துக் கட்டிய கம்பிகள். இன்றுள்ளதுபோல் சிறகின் ஓரத்தில் அசையும் தகடுகள் இல்லை. பக்கவாட்டில் சாய வேண்டுமெனில் கம்பிகளை இழுத்துச் சிறகையே முறுக்க வேண்டும். ஆற்றல்மிக்க விமானங்களில் பொருத்தப்பட்ட 'நோம்' எந்திரத்தில் உருளைகள் யாவும் சுழலியோடு சேர்ந்தே சுழலும். அந்தச் சுழற்சியால் ஒருபுறம் திரும்பினால் மூக்கு மேலெழும். மறுபுறம் திரும்பினால் தாழும். இதனை உணராமல் திரும்பியவர் பலர் உயிர் நீத்தனர். எந்திரத்திற்கு மசகாக ஆமணக்கெண்ணெய் இடப்பட்டது. பெட்ரோலோடு அது எளிதில் கலவாது என்பதே காரணம். சுழலும் எந்திரம் அந்த எண்ணெயை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். விமானியின் முகமும் உடையும் அதில் நனையும். பாராசூட் இல்லை, வானொலி இல்லை.

பயிற்சியின் முடிவில் பன்னாட்டு விமானவியல் சங்கத்தின் விதிப்படி தேர்வு நடந்தது. ஐந்நூறு மீட்டருக்கு மிகாத இடைவெளியில் நட்ட இரு கம்பங்களைச் சுற்றி, எட்டு என்ற எண்ணின் வடிவில் ஐந்து கிலோமீட்டர் பறக்க வேண்டும். இவ்வாறு இருமுறை. பின் குறைந்தது 50 மீட்டர் உயரம் எழ வேண்டும். எந்திரத்தை நிறுத்திவிட்டு, குறித்த புள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபெஸாவும் கெனானும் இத்தேர்வில் வென்று சான்றிதழ் பெற்றனர். ஏழு, எட்டு மாதங்களில், அன்னிய மண்ணில், அன்னிய மொழியில் கற்ற கல்வி அது.

கற்றுக்கொண்டிருக்கையிலேயே வந்த போர்

அவர்கள் பிரான்சில் பயின்றுகொண்டிருந்த அதே மாதங்களில் உலகப் போர்க்கலை வரலாற்றையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று உதுமானிய மண்ணில் நடந்தது. 1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி, லிபியாவைக் கைப்பற்றும் நோக்கத்தோடு போர் அறிவித்தது. அக்டோபர் 23 அன்று கார்லோ பியாட்ஸா என்னும் இத்தாலிய அதிகாரி திரிபோலிக்கு அப்பால் பறந்து உதுமானியப் படைகளின் நிலைகளை வேவு பார்த்தார். போரில் விமானம் பயன்பட்ட முதல் நிகழ்வு இதுவே. நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோட்டி என்னும் இத்தாலிய விமானி அய்ன் ஸாரா, தாஜூரா ஆகிய இடங்களின்மீது நான்கு சிறு குண்டுகளைக் கையாலேயே வீசினார். விமானத்திலிருந்து போரில் குண்டு வீசப்பட்டது உலகில் அதுவே முதன்முறை. அது விழுந்த நிலம் முஸ்லிம்களின் நிலம்.

திரிபோலியில் போரிட்ட உதுமானிய அதிகாரிகளிடமும் அரபுக் கோத்திரத்தாரிடமும் ஒரு விமானமும் இல்லை. துப்பாக்கிகளை வானை நோக்கித் திருப்பிச் சுட்டனர். 1912இல் மொய்ஸோ என்னும் இத்தாலிய விமானியைத் தரையிறங்கிய நிலையில் சிறைப்பிடிக்கவும் செய்தனர். அவர்களிடம் வீரத்திற்குக் குறைவில்லை. இல்லாதிருந்தது, பல்லாண்டு முன்னரே தொடங்கியிருக்க வேண்டிய ஒரு கல்வி. போர் அறிவிக்கப்பட்ட நாளில் விமானத்தை வாங்க முயலலாம். விமானியை அந்த நாளில் உருவாக்க இயலாது.

இந்நிலையில் பயிற்சி முடித்துத் திரும்பிய இருவரையும் நாடு எத்துணை ஆவலோடு வரவேற்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1912 ஏப்ரலில் அவர்கள் இஸ்தன்பூலின் வானில் பறந்து காட்டினர். விமானம் வாங்க நன்கொடைகள் திரண்டன. ஸுல்தான் ஐந்தாம் முஹம்மத் ரஷாதும் இளவரசர்களும் கொடுத்தனர். எளிய மக்களும் கொடுத்தனர். அவ்வாறு வாங்கப்பட்ட விமானம் ஒன்றுக்கு 'இளவரசர் ஜலாலுத்தீன்' என்ற பெயர் சூட்டப்பட்டது. மற்றொன்றின் பெயர் 'முஆவனத்தே மில்லிய்யா'. சமுதாயத்தின் உதவி என்பது பொருள். விமானத்துக்கு அன்று அவர்கள் வழங்கிய சொல் 'தய்யாரா'. பறத்தலைக் குறிக்கும் 'தாரா' என்னும் அரபு வினையின் வேரிலிருந்து பிறந்த சொல் அது. அல்ஜவ்ஹரி தம் அகராதியில் தொகுத்த வேர்களில் அதுவும் ஒன்று.

யெஷில்கோய் பள்ளி

ஓரிருவரை அயல்நாட்டுக்கு அனுப்புவதால் ஒரு படை உருவாகாது என்பதை அமைச்சகம் உணர்ந்தது. இஸ்தன்பூலுக்கு மேற்கே, மர்மரா கடலோரத்தில் யெஷில்கோய் என்னும் ஊரை ஒட்டிய சமவெளியில் 1912 ஜூலையில் விமானப் பள்ளி திறக்கப்பட்டது. பின்னாளில் அதாதுர்க் விமான நிலையம் எழுந்து, 2019 வரை நகரின் பெரும் பயணியர் நிலையமாக விளங்கியது அந்த வட்டாரத்திலேயே. பள்ளி தொடங்கிய அதே காலத்தில் வேறு சில அதிகாரிகள் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வாறு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனத்தின் பள்ளியில் பயின்று வந்தவர்தாம் கடற்படைப் பொறியியல் அதிகாரி ஃபத்ஹி பே. அவருடைய பெயரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

பள்ளி திறந்து மூன்று மாதங்களில் பால்கன் போர் மூண்டது. அதற்குள் பட்டாளத்திற்குப் போதிய விமானிகள் எங்கிருந்து வருவர்? வாங்கிய விமானங்களைச் செலுத்த அயல்நாட்டு விமானிகள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். படைகள் பின்வாங்கியபோது சில விமானங்கள் பகைவர் கையில் சிக்கின. எதிர்ப்பக்கத்தில், பல்கேரியரும் அண்மையில்தான் பறக்கக் கற்றவர்கள். அவர்கள் 1912 அக்டோபரிலேயே எதிர்னேயின்மீது பறந்து குண்டு வீசினர். அப்போரின் அவலத்தைக் கேட்டு இந்திய முஸ்லிம்கள் துடித்ததும், டாக்டர் எம்.ஏ. அன்சாரியின் தலைமையில் மருத்துவக் குழு 1912 டிசம்பரில் புறப்பட்டுச் சென்றதும் நம் வரலாற்றின் பக்கங்கள்.

ஆயினும் பள்ளி மூடப்படவில்லை. அடுத்த ஆண்டில் போரின் பிற்பகுதியில் உதுமானிய விமானிகளே வேவுப் பறத்தல்களை மேற்கொண்டனர். 1913 இறுதியில் யெஷில்கோயில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. பெண்களின் உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த பல்கீஸ் ஷெவ்கத் ஹானும் என்னும் பெண்மணி, ஃபத்ஹி பே செலுத்திய விமானத்தில் பயணியாக அமர்ந்து நகரின்மீது பறந்தார். படைக்கு விமானம் ஒன்றை வழங்கப் பெண்கள் முன்வர வேண்டுமென அழைக்கும் துண்டறிக்கைகளை மேலிருந்து தூவினார். பட்டாளத்தின் கல்வியாகத் தொடங்கியது பொதுமக்களின் கனவாகவும் ஆகிவிட்டிருந்தது.

1914இல் கடற்படைக்கெனத் தனி விமானப் பள்ளியும் உருவானது. அதில் பயின்றோரில் அஹ்மத் அலீ என்பவர் குறிப்பிடத்தக்கவர். இஸ்மீரில் பிறந்த அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவின் போர்னூ நாட்டினர். உலகின் முதல் கறுப்பின இராணுவ விமானிகளுள் ஒருவராக அவர் விளங்கினார். அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவருக்கு விமானி இருக்கை மறுக்கப்பட்டிருந்த காலம் அது.

இஸ்தன்பூலிலிருந்து காஹிராவுக்கு

1913ஆம் ஆண்டின் இறுதியில் ஜூல் வெத்ரின் என்னும் பிரெஞ்சு விமானி பாரிஸிலிருந்து புறப்பட்டு, இஸ்தன்பூல் வழியாக, டிசம்பர் 29 அன்று காஹிராவை அடைந்தார். உதுமானியரின் வானில் ஓர் அன்னியர் ஆற்றிய அருஞ்செயல் தலைநகரில் பெரும் பேச்சாயிற்று. 1914 ஜனவரியில் போர் அமைச்சரான அன்வர் பாஷாவின் காலத்தில், அதே காஹிராவுக்கு உதுமானிய விமானிகளே பறப்பதென முடிவாயிற்று. வழி ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். அனடோலியாவின் மேட்டுநிலம், தோரோஸ் மலைத்தொடர், ஹலப், திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், ஸீனாய்ப் பாலை ஆகியவற்றைக் கடந்து செல்லும் வழி அது.

1914 பிப்ரவரி 8 அன்று யெஷில்கோயிலிருந்து இரு விமானங்கள் புறப்பட்டன. 'முஆவனத்தே மில்லிய்யா'வில் ஃபத்ஹியும் அவருடைய நோக்கர் ஸாதிக்கும்; 'இளவரசர் ஜலாலுத்தீ'னில் நூரியும் இஸ்மாயீல் ஹக்கியும். குளிர்காலம். வழியில் ஒழுங்கான இறங்குதளங்கள் இல்லை. வானிலையை முன்னறிவிக்கும் ஏற்பாடும் இல்லை. தேர்வில் அவர்கள் எழ வேண்டியிருந்த உயரம் 50 மீட்டர். சுற்ற வேண்டியிருந்த தொலைவு ஐந்து கிலோமீட்டர். அந்தச் சான்றிதழுக்கும் தோரோஸ் மலைக்கும் இடையிலிருந்த தொலைவே அவர்கள் சந்தித்த உண்மையான இடர்.

ஃபத்ஹியும் ஸாதிக்கும் மலைத்தொடரைக் கடந்தனர். ஹலபிலும் பெய்ரூத்திலும் திமிஷ்கிலும் மக்கள் வெள்ளமெனத் திரண்டு வரவேற்றனர். பிப்ரவரி 27 அன்று திமிஷ்கிலிருந்து பைத்துல் முகத்தஸை நோக்கிப் புறப்பட்ட அவர்கள், திபேரியாஸ் ஏரிக்கு அண்மையில் விமானத்தோடு வீழ்ந்து இறந்தனர். உதுமானிய விமானப்படையின் முதல் ஷஹீதுகள் அவர்களே. பின்னால் வந்த நூரி பே பயணத்தைத் தொடர்ந்தார். மார்ச் 11 அன்று யாஃபாவிலிருந்து மேலெழுந்த சிறிது நேரத்தில் அவருடைய விமானம் கடலில் விழுந்தது. இஸ்மாயீல் ஹக்கி காப்பாற்றப்பட்டார். நூரி மூழ்கி இறந்தார்.

மூவருடைய உடல்களும் திமிஷ்கில், உமவீப் பெரிய பள்ளிவாசலை அடுத்து அமைந்த ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அடக்கத்தலத்தின் அருகே அடக்கப்பட்டன. சிலுவைப் போர்களின் நாயகருக்கு அண்டையில், மரமும் துணியும் கம்பியும் கொண்டு வானேறிய மூன்று இளைஞர்கள். அந்த இடத்திற்குச் சென்று ஸலாம் உரைப்போர் அந்தச் சிறிய கப்றுகளையும் காணலாம். இஸ்தன்பூலின் ஃபாத்திஹ் பகுதியில் அவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் முறிந்த தூணின் வடிவில் நிற்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில் மெக்ரி எனப்பட்ட ஊர், 1934இல் ஃபத்ஹியின் நினைவாக 'ஃபத்ஹிய்யே' எனப் பெயர் மாற்றம் பெற்றது. கோடையில் அங்கே குவியும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனைபேர் அப்பெயரின் வரலாற்றை அறிவர்?

பயணம் அத்தோடு கைவிடப்படவில்லை. எத்ரெமித் ஊர் மக்கள் திரட்டிய நன்கொடையால் வாங்கப்பட்டு, அவ்வூரின் பெயரையே தாங்கிய விமானம் ஒன்று கப்பலில் பெய்ரூத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஸலீம், கமால் என்னும் இரு அதிகாரிகள் அங்கிருந்து பறந்தனர். பைத்துல் முகத்தஸ் வழியாகச் சென்று 1914 மே மாதத்தில் காஹிராவையும், பின்னர் இஸ்கந்தரிய்யாவையும் அடைந்தனர். மூன்று உயிர்களுக்குப் பின் அந்தப் பணி நிறைவேறிற்று.

அதன் பின்னர்

சில மாதங்களில் முதல் உலகப் போர் வந்தது. உதுமானிய விமானிகளுள் மூத்தவரான ஃபெஸா பே, 1914 நவம்பரில் காக்கசஸ் போர்முனைக்குக் கப்பலில் சென்றபோது ரஷ்யக் கடற்படை அக்கப்பல்களை மூழ்கடித்தது. அவர் சிறைப்பட்டு ஆண்டுகள் சிலவற்றைத் தொலைவான ரஷ்ய நிலத்தில் கழித்தார். 1915 ஜனவரியில் எரிக் ஸெர்னோ என்னும் ஜெர்மானிய அதிகாரி வந்து விமானப்படையையும் யெஷில்கோய் பள்ளியையும் சீரமைத்தார். விமானங்களும் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தே வந்தன. போர் முடிந்தது, பேரரசும் முடிந்தது. ஆனால் பயிற்சி பெற்ற மனிதர்கள் எஞ்சினர். துருக்கியின் விடுதலைப் போரில் பறந்தோரும், பின்னர் குடியரசின் விமானப்படையை எழுப்பியோரும் அவர்களே. ஃபெஸா பே 1933இல் அரசு விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் முதல் தலைவரானார். இன்று உலகின் பல நாடுகளுக்குப் பறக்கும் துருக்கிய விமான நிறுவனத்தின் தொடக்கம் அது.

கல்வியின் அடுத்த படியை ஒரு சான்றோடு சொல்லி முடிக்கலாம். 1916இல் யெஷில்கோயில் பயின்ற வெஜீஹி என்னும் விமானி, போரில் பகைவரிடமிருந்து கிடைத்த எந்திரத்தைக் கொண்டு தாமே ஒரு விமானத்தை வடிவமைத்துக் கட்டினார். அதற்குப் பறக்கும் சான்று வேண்டி விண்ணப்பித்தார். அதை ஆராய அமைக்கப்பட்ட குழுவில், ஒரு விமானம் தகுதியுடையதா என்று தீர்ப்பளிக்கும் அறிவுடையோர் இல்லை. காத்திருந்து சலித்த அவர் 1925 ஜனவரி 28 அன்று அனுமதியின்றியே பறந்து, பத்திரமாக இறங்கினார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார், படையிலிருந்து விலகினார். 1911இல் விமானியில்லாக் குறை இருந்தது. 1925இல் விமானியும் இருந்தார், விமானமும் இருந்தது. அதை மதிப்பிடும் கல்விதான் இல்லை.

இவ்வரலாற்றை நான் இங்கு எழுதியது பழம்பெருமை பாடுவதற்கன்று. நம் கூட்டங்களில் இப்னு ஃபிர்னாஸின் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் கரவொலி எழுகிறது. பொருந்தும், அவர் அதற்குரியவர். ஆனால் அவருக்குப்பின் அவருடைய 'வாலை' அமைத்துப் பார்க்க யார் முயன்றார்? அவர் விழுந்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கும் வண்ணம் ஒரு பள்ளி எழுந்ததா? குர்துபாவிலும் நைஸாபூரிலும் தனியொருவர் துணிந்தார், வீழ்ந்தார், செய்தி நூலில் பதிவாயிற்று, அத்தோடு நின்றது. யெஷில்கோயிலோ ஒருவர் வீழ்ந்தபின் மற்றொருவர் தொடர்ந்தார். இந்த வேறுபாட்டைத் தந்தது ஓர் அமைப்பு: தேர்வு, ஆசிரியர், பாடமுறை, களம், சான்றிதழ் என வரிசையாக நின்ற ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டையும் அயலாரிடம் கற்கத் தயங்காத பணிவு அதற்கு அடிப்படையாக இருந்தது. தம் தலைநகரில் கூரைமீது விழுந்தவரின் பள்ளிக்கே தம் அதிகாரிகளை மாணவராக அனுப்பிய அந்தப் பணிவை நான் சிறுமை என்று கருதவில்லை.

அதே வரலாறு எச்சரிக்கையும் செய்கிறது. காஹிராப் பயணத்தின் அவசரத்தில் தேசப் பெருமிதம் கல்வியை முந்திற்று. பிரெஞ்சுக்காரர் சென்ற வழியில் நாமும் உடனே செல்ல வேண்டும் என்ற துடிப்பு, குளிர்காலத்தையும் மலையையும் கணக்கில் கொள்ளாமல் இளைஞர்களை அனுப்பியது. அவர்களுடைய தியாகத்தை மதிக்கிறோம். அதை வேண்டிய அவசரத்தை மதிக்க வேண்டியதில்லை.

இன்று நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வானைக் கனவு காண்கின்றனர். படைத்தவன் தன் மறையில் சிறகு விரித்து நிற்கும் பறவைகளை நோக்கச் சொல்கிறான். நோக்குதல் என்பது ஆராய்தலையும் சேர்த்தேயாகும். கனவு காணும் பிள்ளைக்கு இப்னு ஃபிர்னாஸின் பெயரைச் சொல்வோர், கேப்டன் ஃபெஸாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். முப்பது வயதைக் கடந்த அந்தக் குதிரைப்படை அதிகாரி, அன்னிய நாட்டுப் புல்வெளியில், மேலெழ மாட்டாத ஒரு விமானத்தை நேராக உருட்டப் பழகியதிலிருந்தே இவ்வரலாறு தொடங்கியது.